அந்தப் படத்தில் படகு ஓட்டுவது என் அண்ணன் இல்லை

படகு மோட்டாருக்காகப் பெட்ரோலில் 2T ஆயிலை ஊற்றிக் குலுக்கும்போது வருமே ஒரு வாசனை... ஞாயிற்றுக்கிழமை காலையில் மாசாய் பக்கத்து ஆற்றங்கரை முழுக்க அதுதான். உட்காரும் அலுமினியப் பலகை ஜில்லென்று இருக்கும். வேகம் எடுத்துவிட்டால் அடித்தகடு அலையில் தடதடவென்று அடித்து, பல்லெல்லாம் ஆடும்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நானும் அண்ணனும் பாசிர் கூடாங்கில் ஒரே பேக்டரியில் வேலை. மீன் பிடிக்கவென்று பன்னிரண்டு அடி அலுமினியப் படகு ஒன்றை, பதினைந்து குதிரைச்சக்தி மோட்டாரோடு, செகண்ட் ஹேண்டில் அண்ணன் வாங்கி வைத்திருந்தார். அவர் தூண்டில் போடுவார். மோட்டார் பிடிப்பது நான்.

வருடத்துக்கு ஒரு தடவை அங்கே பந்தயம் நடக்கும். மலாய்க்காரர், சீனர், நம்ம ஆட்கள் என்று எல்லாரும் இதே மாதிரி சின்னப் படகோடு வருவார்கள். படகுக்கு ஒரே ஆள். தூரத்து மிதவையைச் சுற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் தொண்ணூறு கிலோ. அவர் பின்னால் உட்கார்ந்தால் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும். மூன்று வருடம் போனார், மூன்று வருடமும் கடைசி!

நான் நாற்பத்திரண்டு கிலோ. மோட்டார் கைப்பிடியில் ஒரு பிவிசி குழாயைச் சொருகி நீட்டிக்கொண்டால் நடுப்பலகையில் இருந்தே ஓட்டலாம். மூக்கு தூக்காது, படகு தண்ணீரோடு படுத்துக்கொண்டு போகும். அந்தக் குழாய் யோசனையும் என்னுடையதுதான். யாரும் கேட்டதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

"இந்த வருசம் நீ ஓட்டு மா," என்றார் அண்ணன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா பொம்பளப் பிள்ளைங்கள சேத்துக்க மாட்டாங்க. என் ஜாக்கெட்ட போட்டுக்க, முடிய தொப்பிக்குள்ள விட்டுக்க. தூரத்துல யாருக்கும் தெரியாது லா."

நம்பினேன். அண்ணன் பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்?

ஆற்று வளைவில், சதுப்பு மரங்களுக்குப் பின்னால், அவர் அதே மாதிரி இன்னொரு பேக்டரி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒளிந்து நின்றார். நான் அங்கிருந்தே படகை எடுத்துப்போய்க் கோட்டில் நிறுத்தினேன். கொடி விழுந்தது.

ஐயோ, அந்த ஓட்டம்! மிதவை கிட்டே வந்ததும் எல்லாரும் வேகத்தைக் குறைத்தார்கள். நான் குறைக்கவில்லை. உடம்பை முழுசாக ஒரு பக்கம் சாய்த்துத் திருப்பினேன். படகின் ஓரம் தண்ணீரை நக்கியது. நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் ஒரு படகும் இல்லை... வெறும் ஆறு. வாய்விட்டுக் கத்தினேன், மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

கோட்டைத் தாண்டி நிற்காமல் வளைவுக்குப் போனேன்.

"எறங்கு, எறங்கு, சீக்கிரம்!"

அவ்வளவுதான் அண்ணன் சொன்னது. நல்லா ஓட்டினே என்று ஒரு வார்த்தை இல்லை. என்னை இறக்கிவிட்டு, ஏறி, படகுத்துறைக்குப் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டார். நான் முழங்கால் அளவு சேற்றில் நின்று கைதட்டலைக் கேட்டேன். ஸ்பீக்கரில் அவர் பேர். அம்மாவிடம்கூடச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினார்.

அடுத்த வருடத்துக்குள் படகை விற்றுவிட்டார். நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். கொடி அசைக்கும் மலாய்க்காரப் பெரியவரிடம், பெண்கள் ஓட்டக்கூடாதாமே என்று கேட்டேன்.

"சியாப்பா காத்தா தா போலே?" என்று சிரித்தார். யார் சொன்னது முடியாதென்று!

அப்படி ஒரு சட்டமே இல்லை. அன்றைக்கு வீட்டில் ஒரு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஆடவில்லை. அண்ணன் ஆச்சே, போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

போன வாரம் அண்ணன் ஃபேஸ்புக்கில் ஒரு பழைய படம் போட்டார். நண்பர் யாரோ எடுத்ததாம். கோட்டைத் தாண்டும் படகு, குழாயைப் பிடித்தபடி நடுப்பலகையில் குனிந்திருக்கும் ஆள். மேலே எழுதியிருந்தார்: "நான் ஜெயிச்ச பந்தயம்."

கீழே ஒருவர், "அலமாக் அண்ணே, அப்ப எவ்ளோ ஒல்லியா இருந்தீங்க லா!"

அதற்கு அண்ணன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார்! வெட்கம் என்பது துளியாவது வேண்டாமா?

போன் போட்டேன். "அந்தப் படகை யாருண்ணே ஓட்டினது?"

"நீதான் மா."

"அத அங்க எழுதுங்க. ஒரு வரி போதும்."

"இத்தன வருசம் கழிச்சு எதுக்கு மா? பேரப்பிள்ளைங்கள்லாம் பாக்குதுங்க..."

"அதனாலதான் சொல்றேன். எழுதுங்க."

சரி சரி என்று வைத்துவிட்டார்.

அப்போதெல்லாம் வேகம் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. பேர் யாருக்குப் போனால் என்ன, ஓட்டியது நான்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, முட்டி வலி, ஹைவேயில் எண்பதைத் தாண்டி அழுத்தப் பயம். அந்த வேகம் இனி வராது. அது எனக்கும் ஒரு நாள் இருந்தது என்பதாவது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

சாயங்காலம், எழுதியிருப்பார் என்று திறந்து பார்த்தேன்.

படத்தையே அழித்துவிட்டார். என் பேரை ஒரு வரி எழுதுவதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

நான் அதை என் போனில் சேமித்து வைத்துக்கொள்ளவில்லை. படகு ஓட்டும் என்னை யாராவது எடுத்த படம் அது ஒன்றுதான்.