சும்மா ஒரு கீறல்

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடம் வரும். காயத்துக்கு இங்கிலீஷில் என்னென்ன சொல் இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் ‘கட்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் ‘கேஷ்’ என்று சொல்லிவிட்டுப் பலகையில் எழுதுவேன். ஜி, ஏ, எஸ், ஹெச். தோலைத் தாண்டிச் சதைக்குள் இறங்கிய நீளமான, ஆழமான வெட்டு. மேலோடு உராய்ந்தால் ‘ஸ்க்ராட்ச்’. பிளேடு பட்டுக் கொஞ்சம் ரத்தம் வந்தால் ‘கட்’. காயம் வாயைப் பிளந்துகொண்டு நின்றால்தான் இந்தச் சொல்லைப் போட வேண்டும். மனுஷருக்கு மட்டுமல்ல, எதிலாவது மோதிப் படகின் பக்கம் ஆழமாகப் பிளந்துபோனாலும் இதையே சொல்லலாம்.

“உங்க வூட்டுல அப்படி வெட்டுப்பட்டா என்ன சொல்வாங்க?” என்று கேட்பேன்.

“கீறிக்கிச்சுன்னு சொல்வாங்க டீச்சர்” என்று யாராவது கத்துவார்கள். வகுப்பே ஆமாம் போடும்.

அது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் பாம்பு கடித்தாலும் பூச்சி தொட்டுவிட்டது என்றுதான் சொல்வோம். கெட்டதைப் பெரிதாகச் சொன்னால் அது பெரிதாகிவிடும் என்று ஒரு பயம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரைப் பற்றிக்கூட லேசாக மயக்கம் என்றுதான் சொந்தக்காரர்களுக்குப் போன் போகும். எனக்கு இந்தப் பழக்கத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

என் அண்ணன் பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு ஓட்டியவர். கிள்ளையில் அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய்விட்டது, செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நடந்து வருவார். போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் படகு சேற்றில் தட்டியது. தள்ளிவிட இறங்கியிருக்கிறார். சுரபுன்னை வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி, பிளேடு மாதிரி. உள்ளங்காலில் இறங்கியது அவருக்குத் தெரியவே இல்லை. படகில் ஏறியபின் சவாரி வந்தவர்கள்தான் ரத்தத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி காபித்தூளை அள்ளி அப்பிக் கட்டுப் போட்டுவிட்டார். நான் போனபோது வெள்ளைத்துணி காபி நிறத்தில் ஊறிக்கிடந்தது.

“அண்ணே, எவ்ளோ ஆழம்?”

“சும்மா ஒரு கீறல், பாப்பா.”

“தொறந்து காட்டு.”

“ரத்தம் நின்னுடுச்சு. எதுக்கு மறுபடியும் கெளப்புற? ஒண்ணும் ஆவாது, வுடு.”

நான் விடவில்லை. அன்றும் சண்டை, மறுநாளும் சண்டை. தையல் போட வேண்டும் என்றேன், சர்க்கரைக்காரர் விளையாடக் கூடாது என்றேன். “வலிக்கவே இல்லியே” என்றார். அதுதானே பயம் என்று சொன்னதற்கு, “வாய வெச்சிக்கிட்டு சும்மா இரேன், நல்லதா நாலு வார்த்தை சொல்லு” என்று அண்ணி என்மேல் பாய்ந்தார். புண் மேலாக மட்டும் வாய் மூடிக்கொண்டது. அண்ணன் கட்டோடு படகுக்கும் போய் வந்தார். பிறகு வீட்டுக்குள் ஒரு நாற்றம் வந்தது. சாம்பிராணி போட்டார்கள். அதையும் மீறி வந்தபிறகுதான் வண்டி வைத்தோம்.

கடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னப் பெண்தான். எப்படி ஆச்சு என்று கேட்டார். கணுக்கால்வரை கறுத்துப்போன காலை நீட்டிக்கொண்டு அண்ணன், “சும்மா கீறிக்கிச்சுமா” என்றார். அந்தம்மா ஒரு கம்பியை எடுத்துப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நாலு எழுத்துகள் மனசில் வந்தன. அர்த்தம் தெரியும், எங்கே போட வேண்டும் என்று தெரியும், இத்தனை வருஷம் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்ன பிரயோஜனம்? சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். படகில் இப்போது வேறு ஆள்.

அண்ணன் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. செயற்கைக் கால் பற்றிப் பேச்செடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். இன்னொரு பாதமும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. தினமும் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகிறேன். அதையாவது காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் இல்லை. பார்க்காமல் பஸ் ஏறினால் வகுப்பில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் வெளியூரிலிருந்து சொந்தக்கார அக்கா ஒருத்தர் சேதி கேள்விப்பட்டு வந்தார். ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போர்வையைப் பார்த்தார். ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே மேடு இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, “என்ன தம்பி இது, என்னதான் ஆச்சு?” என்று அழுதார்.

அண்ணன் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

“ஒண்ணுமில்லக்கா. சும்மா ஒரு கீறல்.”