நாத்தனாரின் நட்சத்திரம்

சனி பகவானை நான் முதன்முதலாகப் பார்த்தபோது என் கையில் தோசைக்கரண்டி இருந்தது. நாத்தனார் மொட்டைமாடியிலிருந்து போட்ட சத்தத்தில் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட யோசிக்காமல் படியேறி ஓடியிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில், கைப்பிள்ளையைப் போல மடியில் வைத்தே அவள் கொண்டுவந்த தொலைநோக்கி மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. கண்ணை வைத்தேன். கறுப்பில் பொடிசாக ஒரு மஞ்சள் உருண்டை, அதைச் சுற்றி ஒரு வளையம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருப்பார்களே, அச்சு அசல் அதே.

"ஏய், உள்ள ஸ்டிக்கர் எதுவும் ஒட்டி வச்சிருக்கியா?" என்றேன்.

"அய்யோ அண்ணி! நூறு கோடி கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கு. ஸ்டிக்கராம்ல!"

அதற்குள் என் வீட்டுக்காரரும் மேலே வந்துவிட்டார். அவர் எதற்கும் ஒரு சாஸ்திரம் வைத்திருப்பார். "சனியவா பாக்குறீங்க? திருநள்ளாறுலயே நேருக்கு நேர் நிக்கக் கூடாதும்பாங்க. ரெண்டு பேரும் சாஞ்சு நின்னு பாருங்க" என்றார். அந்தக் குழாயில் எப்படியும் பக்கவாட்டில் குனிந்துதான் பார்க்க முடியும் என்பதால் அவருக்கும் திருப்தி, எங்களுக்கும் தொந்தரவில்லை. கீழே தோசை கரியாகிப் போயிருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், இன்னும் தெளியவில்லை.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கிறாள். வாரம் முழுக்க அங்கே அறையெடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமையானால் கீழ்வேளூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிடுவாள். அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. அவள் பிறந்தது மூல நட்சத்திரத்தில். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்று எவனோ வேலையற்றவன் சொல்லிவைத்துவிட்டுப் போனான். மூலத்தில் பிறந்தவள் வந்தால் மாமனாருக்கு ஆகாதாம். ஏற்கெனவே இரண்டு தடவை நெஞ்சுவலி வந்து படுத்த மனுஷன், இவள் போன ஆறாம் மாதம் மூன்றாவது தடவை வந்து போய்ச் சேர்ந்தார். பழி முழுக்க இவள் தலையில். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கும்போதுகூடச் சொல்லிக் காட்டுவார்களாம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் யாரையும் திட்டவில்லை. தொலைநோக்கி வாங்கினாள், பிறகு பழைய கேமரா ஒன்று வாங்கினாள், என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

ஒருநாள் மாடியில் நின்று தென்மேற்கே கை நீட்டினாள். "அண்ணி, அங்க தேள் கொடுக்கு மாதிரி வளைஞ்சு கெடக்கு பாருங்க. அதான் மூலம். எங்க மாமனார முழுங்குனது அதுதானாம். பாவம், அதுபாட்டுக்கு அங்க கெடக்கு."

சொல்லிவிட்டு அவள்தான் முதலில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரமானது. அப்போதுதான் அந்த ஆசையையும் சொன்னாள். மூலம் மேலே வானத்தில் ஒன்று, கீழே நம் வயல் தண்ணீரில் ஒன்று, இரண்டும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம். பெரிதாக அச்சுப் போட்டுக் கூடத்தில் வாசலைப் பார்த்து மாட்ட வேண்டும்.

"வர்றவங்கல்லாம் என் நட்சத்திரம் என்னன்னுதானே கேக்குறாங்க? வந்து பாத்துட்டுப் போகட்டும்."

படம் எடுப்பது பெரிய வித்தையில்லை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் வயல் எப்போதும் கண்ணாடியாக இருக்காதே. சேறடித்து, பரம்பு ஓட்டி மட்டமாக்கிய பிறகு, நடவுக்கு முன்னால் ஒரு நாளோ இரண்டு நாளோ, நாற்றின் தலை ஒன்றுகூட இல்லாமல் தண்ணீர் தளும்பிக் கிடக்கும். அதுதான் கணக்கு. அந்த நாளில் நிலா இருக்கக் கூடாது, மேகம் கூடாது, காற்றும் கூடாது. முதல் வருஷம் மேகம். இரண்டாம் வருஷம், எங்கள் ஊர் கடைமடை என்பதால் ஆற்றுத் தண்ணீர் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் மூலம் மேற்கே இறங்கிவிட்டது. மூன்றாம் வருஷம் எல்லாம் கூடி வந்தது. ஆள் கிடைத்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் முந்தியே நடவை முடித்துவிட்டார். நாத்தனார் கேமராவோடு வந்து இறங்கினால் வயல் முழுக்கப் பச்சை. அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு போட்டது நான்தான், ஆனால் பேசிக்கொண்டே போடவில்லை.

நாலாம் வருஷம் நான் வயலை என் கைக்கு எடுத்துக்கொண்டேன். புரட்டாசி அமாவாசைக்கு முதல்நாள் பரம்பு ஓட்டி முடிக்கிற மாதிரி டிராக்டருக்குச் சொன்னேன். எங்கள் ஊரில் அமாவாசையன்று யாரும் வயலில் இறங்க மாட்டார்கள். மாடு பூட்டி உழுத காலத்து வழக்கம். மாடுகள் போய் டிராக்டர் வந்து எத்தனையோ வருஷமாகியும், மாட்டுக்கு விட்ட லீவை டிராக்டருக்கும் விடுகிறார்கள். ஆக, அமாவாசையன்று வானத்தில் நிலாவும் இல்லை, வயலில் ஆளும் இல்லை, தண்ணீர் அசையாமல் கிடக்கும். இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்த பெருமை இருக்கிறதே! இயற்பியல் படித்தவளுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதே என்று நாலு நாள் அவளைக் கேலி செய்தேன்.

ஒரே ஒரு வில்லங்கம். பஸ் நிறுத்தத்தில், எங்கள் வயலுக்கு நேர் எதிரே, புதிதாக ஹைமாஸ் விளக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. அதையும் கேட்டு வாங்கியது சாட்சாத் நான்தான். ராத்திரி பஸ்ஸில் வேலை முடிந்து வருகிற பெண்கள் அந்த இருட்டில் இறங்கி, வாய்க்கால் ஓரமாகவே ஊருக்குள் நடக்க வேண்டும். பாம்பு கிடக்கும், குடிகாரன் கிடப்பான். ஒவ்வொரு கிராம சபையிலும் எழுந்து நின்று கத்தினேன். எப்போது கேட்டாலும் "பாக்கலாம்மா" என்றார்கள். அந்த ஆடியில், நான் நட்சத்திரப் பைத்தியமாகி இருட்டைத் தேடி அலைகிற நேரமாகப் பார்த்து, கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். கேட்கும்போது கொடுக்காத சாமி, கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்தது.

ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர்தான் விளக்கையும் போட்டு அணைப்பவர். அவரிடம் போய் நின்றேன்.

"ஏக்கா, நீங்கதானே லைட்டு லைட்டுன்னு எல்லார் உசிரையும் வாங்குனீங்க?"

"ஆமா தம்பி. இப்ப ஒரு மணி நேரம் இருட்டக் குடு."

அவர் தலையைச் சொறிந்தார். ஆறு மணி பஸ் போய்விட்டால் ஒன்பது மணி வரைக்கும் அந்த ரோட்டில் வேறு பஸ் இல்லை. நடுவில் யாரும் வரப்போவதில்லை. ஏழிலிருந்து எட்டு வரை அணைத்து வைப்பது, நாங்கள் குரல் கொடுத்தால் உடனே போட்டுவிடுவது, அதுவரைக்கும் அவர் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என்று பேச்சாயிற்று.

அமாவாசையன்று படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, எப்போது பொழுது சாயும் என்று இருவரும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இருட்டத் தொடங்கியதும் வரப்பில் போய் கேமரா முக்காலியை ஊன்றினோம். என் வேலை சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சைப் பிடிப்பதும் நாயை விரட்டுவதும். கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போனது. தவளைகளோ நாங்கள் வந்ததையே மதிக்கவில்லை.

சொன்ன நேரத்துக்கு ஆபரேட்டர் விளக்கை அணைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, தென்மேற்கிலிருந்து உச்சிவரைக்கும் பால்வீதி வெளியே வந்தது. அதன் அடியில், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு அவளுடைய மூலம். கீழே பார்த்தேன். அடேயப்பா! எங்கள் வயலிலும் அத்தனையும் கிடந்தது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது எனக்கு. ஆனால் சின்னதாக ஒரு காற்று வீசிக்கொண்டே இருந்தது. அது வரும்போதெல்லாம் தண்ணீரில் நட்சத்திரங்கள் கலைந்து போயின. அவள் எடுத்துப் பார்த்த படங்களிலெல்லாம் மேலே நட்சத்திரம், கீழே வெறும் மினுமினுப்பு. மேற்கே தூரத்தில் மின்னல் வேறு வெட்ட ஆரம்பித்திருந்தது. புரட்டாசி மழை, ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும்?

"காத்து நின்னுச்சுன்னா போதும் அண்ணி. இருபது செகண்டு தொறந்து வச்சா வேலை முடிஞ்சுது" என்றாள். கேமராவிலிருந்து வந்த ஒயரின் பொத்தான் அவள் கையில் இருந்தது.

காத்திருந்தோம். திடீரென்று காற்று நின்றது. நிஜமாகவே நின்றது. தண்ணீரில் ஒவ்வொரு நட்சத்திரமாக வந்து உட்கார்ந்தது, கடைசியில் கொடுக்கும் வந்து உட்கார்ந்தது.

"அண்ணி, மூச்சுக்கூட விடாதீங்க" என்றாள்.

ரோட்டில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. பஸ்!

ஆறு மணி பஸ்தான் அது, அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரட்டாசி அமாவாசையென்றால் சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் கோடியக்கரைக்குக் கடலாடப் போகும். அந்தக் கூட்டத்துக்கு நம் ரூட்டு பஸ்ஸையும் திருப்பி விட்டுவிடுவார்கள், வருஷா வருஷம் நடப்பதுதான். அமாவாசையை வைத்தே நிலாவைக் கணக்குப் போட்டோம், டிராக்டரைக் கணக்குப் போட்டோம். அமாவாசைக்கு பஸ் நேரத்துக்கு வராது என்பது இரண்டு புத்திசாலிகளுக்கும் தோன்றவில்லை.

பஸ் நின்றது, ஆட்களை இறக்கியது, போய்விட்டது. திரும்பவும் கும்மிருட்டு. பெண்களின் குரல்கள் மட்டும் கேட்டன.

"என்னடி இது, நேத்துக்கூட எரிஞ்சுச்சே?"

"செல்ல எடுடி."

"சார்ஜ் இல்லக்கா. காலையிலேர்ந்து கடற்கரையிலதானே கெடக்கோம்."

ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. "வாய்க்கால் எந்தப் பக்கம்னே தெரியல, யாரும் காலை எடுத்து வைக்காதீங்க" என்று யாரோ சொன்னார்கள்.

நான் நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். "அமுக்குடி! தண்ணி அசையாம கெடக்கு. இருபது செகண்டுதானே, நிக்கட்டும்!"

அவள் தண்ணீரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பொத்தானை விட்டுவிட்டு, கையை வாயருகே குவித்து, "அண்ணே, லைட்டப் போடுங்க! சீக்கிரம் போடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

விளக்கு எரிந்தது. வானமும் போயிற்று, வயலிலிருந்த வானமும் போயிற்று. வெள்ளை வெளிச்சத்தில் சேற்றுத் தண்ணீர் கிடந்தது. ரோட்டோரத்தில் ஈரத் துணிப்பைகளோடு ஏழெட்டுப் பெண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியின் இடுப்பில் குழந்தை, இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி வாய்க்கால் ஓடியது.

"நீங்களா? வரப்புல என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"சும்மா, காத்து வாங்குறோம்க்கா" என்றாள் நாத்தனார். மூன்று கால் வைத்த கேமராவோடு யாராவது காற்று வாங்குவார்களா? அவர்களுக்கு இருந்த அசதியில் யாரும் மேலே கேட்கவில்லை.

கடைசிப் பெண் தெருவுக்குள் திரும்புகிறவரை விளக்கை அணைக்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். குழந்தையைத் தூக்கியவள் ஆடி அசைந்து போனாள். அப்புறம் ஆபரேட்டர் மறுபடி அணைத்தார். தலைக்கு மேலே கொஞ்சம் நட்சத்திரம் இருந்தது. மேற்கும் தென்மேற்கும் ஒரே கறுப்பு. மேகம் கொடுக்கையும் விழுங்கி, பால்வீதியிலும் பாதியை விழுங்கியிருந்தது. குளிர்ந்த காற்று குப்பென்று அடித்து, தண்ணீரெல்லாம் சுருக்கம் விழுந்துபோயிற்று. விடிந்தால் நடவு. அந்த வருஷக் கணக்கு அதோடு முடிந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்துதான் வரும். "நாலு வருஷம்டி! நாலு வருஷமா இந்த ஒரு படத்துக்கு நாயா அலைஞ்சோம். தண்ணி நின்னுச்சு, உன் நட்சத்திரம் வந்து உக்காந்துச்சு, பொத்தான் கையில இருந்துச்சு. இருபது செகண்டு. அதுக்குள்ள அவங்க தலையில வானமா இடிஞ்சு விழுந்துடப் போவுது?"

அவள் கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தாள். லென்சு மூடியைத் தேடினாள். அது என் இடுப்பில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"இருபது செகண்டுதான்னு நமக்குத் தெரியும் அண்ணி" என்றாள். "இருட்டுல நிக்கிறவங்களுக்குத் தெரியாதுல்ல."

முக்காலியை அவள் கையிலிருந்து வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டு, அவளை முன்னே நடக்கவிட்டேன்.