எதிர்மலைக்குத் திரும்பாத குழாய்

சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்று ஊரில் சொன்னால், "ரேடியோ செட்டு கட்டறதுக்குப் படிப்பா?" என்பார்கள். சென்னையில் சொன்னால், "ஜவ்வாது மலையிலிருந்து இதுக்கா வந்தே?" என்பார்கள். இரண்டு கேள்விக்கும் நான் ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. கோபம் வந்தால் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. வகுப்பிலிருந்து எழுந்துபோய் மாடிப்படியில் ஏறி இறங்கிவிட்டு வருவேன். "பொண்ணுக்கு வயித்துல ஏதோ பிரச்சினை" என்று வாத்தியார் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதற்கும் எழுந்து மாடிப்படிக்குப் போனேன்.

கடைசிப் பருவத்தில் ஒரு தேர்வு. ஒவ்வொருவரும் ஒரு நிகழ்ச்சிக்குத் தனியாக ஒலி அமைக்க வேண்டும். ஆரம்பம் முதல் முடிவு வரை, மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் நாமே இருக்க வேண்டும். முழுவதையும் பதிவு செய்து, நடத்தியவர்களிடம் ஒரு கடிதமும் வாங்கி வர வேண்டும். பெரிய நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கும் ஒரு கம்பெனி அந்தப் பதிவுகளைக் கேட்டு நான்கு பேரை எடுத்துக்கொள்ளும். நாங்கள் இருபத்தாறு பேர். அந்த நால்வரில் ஒருத்தியாக இல்லாவிட்டால் ஆலங்காயத்தில் ஏதாவது ஒரு செல்போன் கடையில் ஸ்பீக்கர் மாற்றிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒருவனுக்கு மாமாவின் கல்யாண மண்டபம் இருந்தது. ஒருத்திக்குச் சர்ச் பாடகர் குழு. எனக்கு எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா.

எங்கள் ஊர் நெல்லிவாசல்நாட்டில் நாற்பது வீடு உள்ள ஓர் இடம். நான் ஏழு வயதில் விடுதிப் பள்ளிக்குப் போனவள். திருவிழா எப்போதும் பரீட்சையோடு வந்து மோதும். அதனால் சின்னக் குழந்தையாகப் பார்த்ததைத் தவிர அதை நான் பார்த்ததே இல்லை. இதை ஊரில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும் மறந்துவிட்டேன்.

கல்லூரியில் இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், ஒரு மிக்சர், எட்டு மைக் கொடுத்தார்கள். ஆலங்காயம் வரைக்கும் பஸ்ஸில் கொண்டுவந்து, அங்கிருந்து ஷேர் ஜீப்பில் ஏற்றினேன். புளி மூட்டைக்கு மேல் ஸ்பீக்கரை வைத்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே போனேன். வளைவுக்கு வளைவு டிரைவரைத் திட்டினேன்.

வருஷா வருஷம் எங்கள் ஊருக்கு ரேடியோ செட் கட்டுவது என் அத்தை பையன். என்னைவிட ஆறு வயது பெரியவன். முறைக்காரன் என்பதால் வாய்க்கு வந்ததைப் பேசுவான். நான் போய்ச் சேர்ந்தபோது கோயிலுக்கு முன்னால் இருக்கும் புளியமரத்தில் ஏறி மூன்று குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிவிட்டிருந்தான்.

"இறக்கு மாமா அதை," என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"என் பதிவு கெட்டுப்போவும். அது காதைக் குத்தற சத்தம். நான் பொட்டி வெச்சிருக்கேன்."

மரத்திலிருந்தபடியே என் பெட்டிகளைப் பார்த்தான். "இது பீரோவா, ஸ்பீக்கரா? உள்ள துணி வெப்பியா?"

"எறங்குறியா, கல்லு வுடட்டுமா?"

"சரிடீ இன்ஜினியரம்மா. அப்ப எதிர்மலைக்கு?"

எங்கள் ஊருக்கு எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இன்னோர் ஊர் இருக்கிறது. நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர். அவர்கள் காதைக் கிழிப்பதுதான் இவனுக்குப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

"எதிர்மலைக்காரன் காதுக்கு இன்னாத்துக்கு? இங்க இருக்கறவனுக்கு நல்லாக் கேட்டாப் போதும்."

அவன் மூன்று குழாய்களையும் இறக்கி, தன் ஜீப் நிழலில் வைத்து, பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான். எதிர்மலைக்கு என்னிடம் வேறு ஏற்பாடு ஏதோ இருக்கிறது என்று நினைத்தானாம். படித்தவளாயிற்றே!

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் தயார். ஜெனரேட்டரைப் பாறைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். பம்பைக்கு இரண்டு மைக், பாடுகிறவருக்கு ஒன்று, பூசாரிக்கு ஒன்று. ஹெட்போனில் கேட்டால் பம்பையின் தோல் அதிர்வது தனியாக, குச்சி படுவது தனியாகக் கேட்டது. மூன்று வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் பதிவு செய்ததில்லை. வாத்தியார் முகத்தை நினைத்துக்கொண்டேன். கம்பெனிக்காரர்கள் ஹெட்போனைக் கழற்றி, "யார் இது?" என்று கேட்பதையும் நினைத்துக்கொண்டேன்.

எட்டரை ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. அடுப்பு மூட்டவில்லை. பானையில் தண்ணீர் மட்டும் இருந்தது. பெண்கள் முந்தானையை விசிறிக்கொண்டு எதிர்மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பம்பைக்காரர்கள் இரண்டு முறை அடித்து ஓய்ந்துவிட்டார்கள். எனக்குக் கடுப்பு. நிகழ்ச்சியே நடக்காவிட்டால் எதைப் பதிவு செய்வது?

"ஏன் பெரிப்பா ஆரம்பிக்கல?" என்று ஊர்ப் பெரியவரிடம் போய்க் கேட்டேன். எனக்குப் பெரியப்பா முறை.

"சாமை வரணும்," என்றார்.

"நம்ம வூட்ல இல்லாத சாமையா?"

"வாயை மூடு. எதிர்மலைக்காரங்க கொண்டாந்து போடணும். அப்பறந்தான் பானை ஏறும்."

பதினொரு மணிக்கு ஓர் ஆளைப் பள்ளத்தில் இறக்கி எதிர்மலைக்கு அனுப்பினார்கள். போன் அங்கே எடுக்காது. அவர் திரும்பி வரும்போது மதியம் ஒரு மணி. வேர்த்துப்போய் வந்தவர் யாரிடமும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அவங்க வரலியாம். பாதிப் பேரு காட்டுக்குப் போய்ட்டாங்க. போன வருசம் மூணு கொழா எங்களப் பாத்து இருந்துச்சு, இந்த வருசம் மரத்துல ஒண்ணுகூட இல்ல, எங்க வூட்டுப் பேர் ஒண்ணும் கூப்புடல, வேணாம்னுதான இறக்கி வெச்சிட்டீங்கன்னு கேக்கறாங்க. நேத்து இறக்கனதையே பாத்திருக்காங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் திருவிழாவுக்குப் பத்திரிகை அடிப்பதில்லை, வீட்டுக்கு வீடு போவதும் இல்லை. நாள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குழாயை அவர்கள் பக்கம் திருப்பிக் கட்டி, அன்று காலையில் வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அழைப்பு. கட்டிய குழாயை அவர்கள் கண்ணெதிரே இறக்குவது, இலை போட்ட பிறகு எழுந்திரு என்று சொல்வது மாதிரி.

நாற்பது வீட்டு ஜனமும் என்னைப் பார்த்தது.

"எவ இறக்கச் சொன்னவ?" என்றார் பெரியப்பா. தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"நான்தான் இறக்கச் சொன்னேன். காலையிலேர்ந்து எல்லாரும் மரத்தைப் பாத்துக்குனுதான இருந்தீங்க? ஒருத்தராவது வாயத் தொறந்து சொன்னீங்களா?"

"நான் கேட்டேனே, எதிர்மலைக்குன்னு," என்றான் அத்தை பையன்.

"நீ கேட்ட லட்சணம்! குழா இல்லன்னா அழைப்பு இல்லன்னு சொல்ல வேண்டியதுதான?"

"இந்த ஊர்ல பொறந்தவளுக்கு இதையுமா சொல்வாங்க? நாளைக்குச் சோத்தை வாயில வைன்னும் சொல்லட்டா?"

சிலர் சிரித்தார்கள். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பிறந்த ஊர் எதிர்மலை.

"இப்பக் கட்டு," என்றார் பெரியப்பா அவனிடம். பிறகு என்னைக் காட்டினார். "கூப்புடறது இவ. இறக்குனவளே கூப்புடட்டும்."

நான் மிக்சரைப் பார்த்தேன். குழாயைக் கட்டினால் அதன் சத்தம் என் மைக்குகள் அத்தனையிலும் புகும். காலையில் கிடைத்த சுத்தம் போய்விடும். கட்டாவிட்டால் என் பதிவில் இருப்பது இரண்டு பம்பைப் பாட்டும் பெண்கள் கொட்டாவி விடுவதும்தான். பதிவை நிறுத்தலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நிறுத்தினால் ஆரம்பம் முதல் முடிவு வரை என்ற விதி போய்விடும். ஓடட்டும் என்று விட்டேன்.

அவன் மரத்திலேறிக் கட்டினான். நான் கீழே நின்று மைக்கைப் பிடித்தேன். அம்மா பக்கத்தில் நின்று, எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று காதில் சொன்னாள். முதல் வீட்டைக் கூப்பிட்டபோதே குழாய் கீச்சென்று கத்தியது. பெட்டி ஸ்பீக்கர்களை நிறுத்தினேன், கத்தல் நின்றது. மறுபடி கூப்பிட்டேன். கொஞ்சநேரம் கழித்து என் குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அது வந்து முடிவதற்குள் அடுத்த பேரைச் சொன்னால் இரண்டும் குழம்பியது. நிறுத்தி, அது வந்து சேரும்வரை காத்திருந்து, அடுத்த பேர். காத்திருப்பதுதான் எனக்குத் தெரியாத வேலை. கால் தரையில் நிற்கவில்லை.

"தப்பு எங்க செட்டுல. உங்க மேல ஒண்ணும் இல்ல. வாங்க," என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னேன். "இன்னும் பணிஞ்சு சொல்லு," என்றாள் அம்மா. "இதுக்கு மேல பணிஞ்சா மண்ணுலதான் பொதைக்கணும்," என்றேன். மைக் திறந்திருந்தது. அதுவும் எதிர்மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் யாரோ சிரித்ததாக ஜனங்கள் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை.

பதினேழு வீடு. எல்லாவற்றையும் இரண்டு முறை கூப்பிட்டேன். மூன்று மணிக்குப் பள்ளத்தில் தலைகள் தெரிந்தன. முன்னால் என் அம்மாவின் அண்ணி சாமைக் கூடையோடு ஏறி வந்தாள். என்னைக் கடக்கும்போது, "மண்ணுல பொதைக்கறதுக்கு நாங்களா குழி வெட்டணும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பானை ஏறியது. பம்பை அடித்தார்கள். குழாயை இறக்கு என்று நான் சொல்லவில்லை.

கடிதத்தைப் பெரியப்பா சொல்லச் சொல்ல, பள்ளிக்கூட வாத்தியார் எழுதினார். "நல்லபடியா செஞ்சான்னு எழுதுங்க பெரிப்பா, போதும்," என்றேன். "சாமி காரியத்துல பொய் எழுதலாமா?" என்றார். கடிதத்தில் இப்படி இருந்தது: காலையில் இந்தப் பெண் தவறாகக் கட்டினாள். அதனால் ஆறு மணி நேரம் தாமதம். மதியம் சரியாகக் கட்டினாள், தானே கூப்பிட்டாள், எல்லோரும் வந்தார்கள். கீழே கையெழுத்து. வேறு மாதிரி எழுதித் தரச் சொல்லி அரைமணி நேரம் சண்டை போட்டேன். தரவில்லை.

சென்னைக்குப் போகும் வழி முழுக்க, காலைப் பதிவை மட்டும் வெட்டிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். பஸ்ஸில் ஹெட்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். காலையில் எல்லாம் சுத்தம், ஆனால் அங்கே யாரும் இல்லை. மதியம் ஒரே இரைச்சல், முந்நூறு பேர். கடைசியில் முழுவதையும் கொடுத்தேன். நேர்மையெல்லாம் இல்லை. கடிதத்தில் மதியம் என்று எழுதியிருந்ததே, மறைத்தால் மாட்டிக்கொள்வேன்.

வாத்தியார் தேர்ச்சி மதிப்பெண் போட்டார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கம்பெனியிலிருந்து வந்தவர் பதிவை ஓட்டி ஓட்டிக் கேட்டார். மதியப் பதிவு வந்ததும் நிறுத்தினார்.

"இந்த எக்கோவை ஏன் சேர்த்தே?"

"சேக்கல சார். எதிர்மலை."

"எடுத்திருக்கலாமே?"

"மலையையா சார்?"

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "தப்பாக் கட்டினேன்னு எழுதியிருக்கு. இதையுமா கொண்டாந்தே?"

"வேற குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

நால்வரில் என் பேர் இல்லை. மண்டபக்காரன் பேர் இருந்தது, சர்ச்காரி பேர் இருந்தது. ஒரு வாரம் கழித்து அதே ஆள் போன் செய்தார். மிக்சருக்கு இல்லை, மேடையில் கேபிள் இழுக்கிற வேலைக்கு ஆள் வேண்டும், பெண்கள் யாரும் வருவதில்லை, வருகிறாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை.

இப்போது ஏழு மாதமாகிறது. கேபிள் சுற்றுகிறேன், பெட்டி தூக்குகிறேன், மேடைக்குக் கீழே குனிந்து டேப் ஒட்டுகிறேன். மிக்சரில் அந்த மண்டபக்காரன் நிற்கிறான். பின்வரிசைக்குப் பாட்டின் வார்த்தை போய்ச் சேரவில்லை என்று போன நிகழ்ச்சியில் நடந்துபோய்ச் சொன்னேன். "உன் வேலையைப் பாரு," என்றான். நான் மறுபடி பின்வரிசை வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்து மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை மாற்றினான். மாற்றியபிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னை எப்போது மிக்சரில் நிறுத்துவீர்கள் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதலாளியிடம் கேட்கிறேன். பார்க்கலாம் என்கிறார். போன திங்கள் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டேன்.