லோரி டயரின் வாசம்

வெள்ளையாக இருக்கிற பால் எப்படிக் கறுப்பு டயராகும் என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய சந்தேகம். அதைக் கிளப்பிவிட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. செரண்டா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள்.

மாமாவுக்குச் சோற்றுத் தட்டைக் கண்டால்தான் பேச்சு வரும்.

"வெள்ளைக்காரன்கிட்ட மெசினு இருக்கு, மரம் இல்ல. அதான் இங்க வந்தான். நம்மளயும் கப்பல்ல கொண்டாந்து வெட்டச் சொன்னான். நாம வெட்டுற பாலு சீமைக்குப் போயி டயராவுது. அந்த டயர மாட்டுன லோரிதான் நம்மளயே காவல் காக்குது. இந்தியாவ விட்டுப் போனான்ல, இங்கயும் போவான் லா. பாலு இல்லேன்னா லோரி ஏது?"

"வாயப் பொத்திக்கிட்டுத் தின்னு மாப்ள," என்பார் அப்பா. இப்படிப் பேசிய பக்கத்து லயத்துக்காரர் ஒருவரை அதே லோரியில் ஏற்றிப் போய், கப்பலில் இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

எனக்கு அதெல்லாம் மனசில் ஏறவில்லை. பால் என்றால் புளித்த நாற்றம் அடிக்கும். அம்மாவின் கைலியைத் துவைத்தாலும் போகாது. அப்படியானால் டயரிலும் அந்த நாற்றம் இருக்க வேண்டும்தானே?

ஒரு நாள் காலையில் பார்த்தால், கீழ்க்காட்டில் யாரோ ஒரு நிரை மரங்களைப் பட்டையோடு சீவித் தள்ளியிருந்தார்கள். இனி அவற்றில் பால் வராது. மாமாவுக்கு அதில் பங்கு உண்டா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. லோரி நிறைய சிப்பாய்கள் வந்து, எங்கள் எல்லாரையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்து வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். யார் வேலை இது என்று வெள்ளைக்கார சார்ஜெண்டு கேட்கக் கேட்க, கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி குடை பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

அந்தக் கிராணியை யாருக்கும் பிடிக்காது. பால் வாளியில் விரலை விட்டு, "தண்ணி கலந்திருக்கே" என்பார். "உங்க வீட்டுக் காப்பின்னு நெனச்சீங்களா ஐயா?" என்று அம்மா சிரிக்காமல் கேட்பார். கிராணியின் நடையை மாமா நடந்து காட்டுவதும், லயமே சிரிப்பதும் அவருக்குத் தெரியும்.

லோரி எனக்குப் பக்கத்தில்தான் நின்றது. அம்மாவின் கையை விட்டு நழுவி, டயரில் மூக்கை வைத்தேன். சேறு, எண்ணெய், வெயில். புளிப்பே இல்லை. மறுபடியும் மோந்தேன்.

நிமிர்ந்தால் சார்ஜெண்டு. ஏதோ கேட்டார்.

"என்னா பண்றேன்னு கேக்குறாரு," என்றார் கிராணி.

நான் யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பெயரைக் கேட்டாலே அழுவேன். அன்றைக்கென்று எங்கிருந்தோ பேச்சு வந்தது.

"இந்த டயரு எங்க பாலுதான்னு மாமா சொன்னாங்க. பாலு இல்லேன்னா லோரி வராதாம், வெள்ளைக்காரங்களும் போயிருவாங்களாம். ஆனா பாலு வாசமே அடிக்கலயே?"

கிராணி ஒரு தரம் வரிசையில் நின்ற மாமாவைப் பார்த்தார். குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். பிறகு இங்கிலீசில் இரண்டு மூன்று வார்த்தைதான் சொன்னார்.

சார்ஜெண்டு சிரித்துவிட்டார். குனிந்து அவரும் டயரை மோந்து, மூக்கைச் சுளித்து, என் கையில் ஒரு மிட்டாய் வைத்தார். பொழுது சாய லோரி புறப்பட்டபோது, அதில் யாரையும் ஏற்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்மா, கிராணிக்கு இங்கிலீசு சரியா வராதா? நான் அவ்வளவு சொன்னேன், அவரு ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டாரு."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட வைக்கவில்லை. அம்மா என் முதுகில் ஓர் அடி போட்டார். பிறகு அடித்த இடத்தையே வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பால் ஊற்றும் இடத்தில் கிராணி வழக்கம்போல அம்மாவின் வாளியில் விரலை விட்டார்.

"தண்ணி கலந்திருக்கே."

"ஆமாங்கய்யா," என்றார் அம்மா.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான்தானே கூடவே இருந்தேன். அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை.