பலகை மேல் மூன்று விநாடி

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போய் மூக்கை உடைத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை என் வார்டில் படுத்துக்கொண்டு, அலை எவ்வளவு அருமை என்று தாதியான எனக்கே விளக்குவார்கள். வந்த முதல் வருஷம் இவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். 1986-இல் நானே அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கூட வேலை செய்யும் கேரன்தான் இழுத்துப் போனாள். "மலேசியாக்காரிக்குக் கடல் பழக்கம்தானே?" பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரிந்தது கோல சிலாங்கூர்க் கடல். அங்கே அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தண்ணீர் வற்றினால் முழங்கால் வரை சேறு. வருஷத்துக்கு ஒருமுறை தோட்டத்து லோரியில் போவோம். அம்மா ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கடலப் பாத்தாச்சுல்ல? ஏறுங்க லா" என்பார். என் கடல் பயிற்சி அவ்வளவுதான்.

கற்றுக்கொடுத்த கிரெக், "நீ கூஃபியா, ரெகுலரா?" என்று கேட்டார். "ரெகுலர்தான். போன மாதம் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள்" என்றேன் மிடுக்காக. அவர் கேட்டது, பலகையில் எந்தக் கால் முன்னால் நிற்கும் என்று. எனக்கு வலது கால். அப்படி நிற்பவர்தான் கூஃபியாம். ஆங்கிலத்தில் அதற்குக் கோமாளி என்றும் பொருள் உண்டு. நாலு ஞாயிறு அந்தப் பெயரைக் காப்பாற்றினேன். ஐந்தாவது ஞாயிறு மூன்று விநாடி நின்றேன்.

லீவு கிடைத்தும் தீபாவளிக்கு நான் ஊருக்கு டிக்கெட் எடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டேன். கணக்கெழுதும் கிராணி என் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். வாய் வேறு எதையோ சொன்னது.

"அம்மா, கடல்ல பலகை மேல நின்னேன்."

"ஏன், கப்பல் கிடைக்கலியா?"

"விளையாட்டும்மா."

"நம்ம லயத்து வீட்டுலயும் ஒரு பலகை ஆடுது. வந்து அதுல நில்லு."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப தீவாளிக்கு வர மாட்டே."

"இல்லம்மா."

பிறகு, "சரி. எண்ணெ தேச்சிக் குளி, மறந்துறாத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறக்கவில்லை. தீபாவளிக் காலையில் நல்லெண்ணெய் தேய்த்தேன். சீயக்காய்க்கு எங்கே போவது? பாதி எண்ணெய் உடம்பில் இருக்க, கடலுக்குப் போனேன். பலகையில் ஏறிய ஒவ்வொரு முறையும் வழுக்கி விழுந்தேன்.

"என்ன கிரீம் இது?" என்றார் கிரெக்.

"இன்று எங்கள் பண்டிகை."

"ஹேப்பி..." என்று ஆரம்பித்தவர், பெயர் தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

பலகையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். என்னைச் சுற்றி எண்ணெய் வட்ட வட்டமாக மினுங்கியது. ஓர் அலை வந்து அதில் பாதியைக் கரைப் பக்கம் தள்ளிவிட்டு, மீதியை உள்ளே இழுத்துக்கொண்டு போனது.