அடம்பன் கொடியில் தங்க வண்டு

வண்டைப் படம் பிடிக்கிற வேலையில் பாதி நேரம் மண்ணில் குப்புறக் கிடக்க வேண்டும். என்னைப்போல் கிடந்தவர்களுக்கு அந்த முழங்கை எரிச்சல் தெரியும். பிழைப்புக்குக் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுக்கிறேன். கல்யாணமில்லாத காலைகளில் கடற்கரைக்குப் போய்விடுவேன். அங்கே அடம்பன் கொடியில் விரல் நகமளவில் ஓர் ஆமை வண்டு இருக்கிறது: ஓரம் கண்ணாடி, நடுவில் தங்கம்.

தேடிக்கொடுத்தவர்

மருதமுனைக் கரையில் இலை இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். வலை காயப்போட வந்த ஒருவர், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் குந்தி மண்ணை அளைய ஆரம்பித்தார். கடலும் அவர் கையும் ஒரே தாளத்தில் அசைவதுபோல் இருந்தது. வெயில் ஏறிய பிறகுதான், "மோதிரம் எந்தப் பக்கம் விழுந்த?" என்றார். வண்டு என்றேன். எழும்பி இடுப்புச் சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"மோதிரமெண்டா விழுந்த இடத்திலயே கிடக்கும் மகள், இதுக்குப் பறக்கச் செட்டை இருக்கே!"

போத்தல்

என் கணவர் றிஸ்வான் அட்டாளைச்சேனையில் ஒன்றைக் கண்டு, நான் வீட்டிலிருந்தே எடுக்கட்டுமென்று ஜாம் போத்தலில் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே வெறும் செங்கல் நிறம். பயந்தால் அந்தத் தங்கம் மங்கிவிடும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. என்னையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

வண்டைப் பிடித்த கொடியிலேயே விட்டுவிட்டு இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தோம். காற்று வந்தது, போனது. தேயிலைச் சாயம்போல் ஒரு மினுக்கம் ஊறி, மெல்ல மெல்லத் தங்கமானது. நான் கமராவைத் தூக்கவும் அது பறந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உன்னப் போலதான், கோவம் ஆறினாத்தான் முகத்துல வெளிச்சம் வருது."

கோமாரியில்

கடைசியில் கோமாரிக் கடற்கரையில் கிடைத்தது. அதன் முதுகுத் தங்கத்தில் வானம் துளியாய்த் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது, கரைவலைக்காரர்கள் கயிற்றை இழுத்தபடி பின்பக்கமாகக் கொடியை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். மிதித்தால் எல்லாம் முடிந்தது. கத்தினால் வண்டு மங்கிவிடும். ஒரு கையை மட்டும் உயர்த்தினேன்.

கயிற்றின் நுனியில் நின்றவர் திரும்பிப் பார்த்துக் கண்டுவிட்டார். மொத்த வரிசையும் வளைந்து கொடிக்கு வெளியால் போனது. அவர்களுடைய பாட்டும் முணுமுணுப்பாகத் தணிந்தது. படம் விழுந்தது. பிறகு அவர் வந்து கமராவுக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"வலையில மீன் படல்லெண்டா இவன்ட தலையிலதான் பழி போடுவன், ஆனா வடிவா இருக்கான்."

இவ்வளவு அலைந்ததில் எனக்கு மிஞ்சியது ஒரு நல்ல படமும், எத்தனை தரம் கழுவினாலும் மண் உதிர்கிற ஓர் அபாயாவும்தான்.