தேர் அன்று ஓடிய இன்டர்நெட்

தேயிலைத் தோட்டத்துக் கம்ப்யூட்டர் அறையின் பொறுப்பாளர், யாழ்ப்பாணத்து டீச்சர், என் மகள், நான். அன்று அங்கே இருந்தது இவ்வளவு பேர்தான்.

மாதத்துக்கான இன்டர்நெட் அளவு பாதி மாதத்திலேயே தீர்ந்திருந்தது. “லயத்துப் புள்ளைங்க படம் பாத்தே முடிச்சிருச்சுங்க. இனி ஒருத்தரும் உள்ள வரக்கூடாது” என்றார் பொறுப்பாளர், எங்கள் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லி. மகளுக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை நெருங்கியிருந்தது. அழுதாள்.

டீச்சர் லினக்ஸ் திரையில் ஏதோ அடித்தார். எந்த நாளில் எவ்வளவு ஓடியது என்று வரிசையாக வந்தது.

“பாருங்கோ சேர், ஒரே நாளில மூண்டு ஜிபி போயிருக்கு.”

அது எங்கள் கோயில் தேர் நாள். பிள்ளைகள் எல்லாம் தேரடியில் நின்றார்கள். அறைச் சாவி பொறுப்பாளரிடம் மட்டும்தான் இருந்தது.

“அன்னிக்கு சாமி எறங்கி வந்து படம் பாத்திச்சுங்களா சார்?” என்றேன்.

“மெஷின்ல ஏதோ பிழை” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. மகளை அவர் முன்னாலேயே நாற்காலியில் உட்கார வைத்தேன். அதன் பிறகு யார் பழி சொன்னாலும் நான் தலை குனிவதில்லை.

அந்த மாதம் பிள்ளைகள் வந்த நாட்களில் ஓடியதையும் டீச்சர் கூட்டிச் சொன்னார். பதினாறு பேருக்கும் சேர்த்து, அறுபது எம்பி.